இந்த வெளிச்சம் யாருக்கு?

கரண்ட் போன இரவுகளில் எங்கள் தெருவில் மிஞ்சுவது சிவப்பு வெளிச்சம் மட்டும்தான். இன்வெர்ட்டரில் ஓடும் சிசிடிவி கேமராக்கள் அப்போதும் விழித்திருக்கும். ஒருநாள் மொட்டை மாடியில் நின்று எண்ணிப் பார்த்தேன். எதிர்வரிசையில் நான்கு வாசல்களில் நான்கு வளையங்கள், சாம்பல் பூத்த கரித்துண்டுக்குள் கனலும் சிவப்பில். ஐந்தாவது வீட்டிலும் அதே அச்சில் ஒரு புல்லட் கேமரா உண்டு. அதில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பழுதாகியிருக்கும் என்று நினைத்து மறுநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் நல்லா ஓடுது சார். அது 940. ரெட் லைட் தெரியாது. கேமரா பாக்குதுன்னு திருடனுக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டு வாங்கினேன்" என்றார்.

அன்று இரவு செல்போனின் பின்பக்க கேமராவை அந்த வாசலை நோக்கிப் பிடித்தேன். இருட்டுதான். முன்பக்க கேமராவுக்கு மாற்றி, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்ஃபி எடுப்பதுபோல் தூக்கிப் பிடித்தேன். என் தோளுக்குப் பின்னால் ஊதா கலந்த வெள்ளையில் ஒரு வளையம் எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. டிவி ரிமோட்டை முன்பக்க கேமராவுக்கு நேரே நீட்டி ஒரு பட்டனை அமுக்கினால், இதே ஊதாப் புள்ளியை வீட்டிலேயே பார்க்கலாம். ரிமோட்டுகள் பெரும்பாலும் இதே 940 நானோமீட்டர் ஒளியைத்தான் வீசுகின்றன. பல போன்களில் பின்பக்க கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். முன்பக்கத்தில் அவ்வளவு இருக்காது.

கேமரா கடைகளில் 850, 940 என்ற இரண்டு எண்களும் "ரெட் லைட் தெரியறதா, தெரியாததா?" என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகின்றன. வாங்குபவர் அதைச் சுவிட்சுக்கு நிறம் பார்ப்பதுபோன்ற சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார். படத்தின் தரமும், நாளை போலீஸில் அந்தப் படம் சாட்சியாக நிற்குமா என்பதும், கேமராவுக்குக் கீழே நடந்துபோகிறவரின் உரிமையும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் நடமாடும் இடத்தில் அந்தச் சிவப்பு தெரியத்தான் வேண்டும். அதை மறைப்பதற்காகப் படத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது நமக்குத்தான் நஷ்டம்.

இந்த ஒளி முதலில் அகப்பட்ட கதையிலிருந்து தொடங்குகிறேன். 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் ஸ்லோ என்ற ஊரில் இருந்தார். யுரேனஸைக் கண்டுபிடித்து ஏற்கெனவே பெயர் பெற்றவர். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் விழாத இடத்தில் இருந்த வெப்பமானிதான் அதிகமாக ஏறியது. தமிழில் அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர் வைத்தார்கள். சிவப்புக்குக் கீழே இருப்பது என்பதைவிட, சிவப்புக்குள் ஒளிந்திருப்பது என்ற பொருளைத்தான் அந்தப் பெயர் தருகிறது. இருட்டில் 850 விளக்கைப் பார்க்கும்போது பெயர் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளி 700 நானோமீட்டரில் முடிகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அங்கே சுவர் ஏதும் இல்லை, செங்குத்தான ஒரு சரிவு இருக்கிறது. 555 நானோமீட்டர் பச்சையில் நம் கண்ணின் உணர்திறனை 1 என்று வைத்துக்கொண்டால், சர்வதேச அட்டவணைப்படி 780-இல் அது சுமார் 67,000-இல் ஒரு பங்கு. 830-இல் சுமார் 22 லட்சத்தில் ஒரு பங்கு. எவ்வளவு தேய்ந்தாலும் பூஜ்யமாகிவிடுவதில்லை. 1947-இல் டொனால்ட் கிரிஃபின், ரூத் ஹப்பர்ட், ஜார்ஜ் வால்ட் மூவரும் இருளுக்குப் பழகிய கண்களை வைத்து இதை அளந்தார்கள். வௌவால் எதிரொலியால் வழி காண்பதை ஆராய்ந்த அதே கிரிஃபின்தான். வால்ட் பார்வையின் வேதியியலுக்காக 1967-இல் நோபல் பரிசு பெற்றார். 1000 நானோமீட்டரைத் தாண்டியும், போதிய வலுவோடு வந்தால், கண் ஒளியை உணர்கிறது என்று கண்டார்கள். 1150, 1200-க்கு மேலே போனால் கண்ணுக்கு ஒளியாகத் தெரிவதற்கு முன் தோலுக்குச் சூடாகத் தெரிந்துவிடும் என்றும் கணக்கிட்டார்கள்.

இப்போது வாசல் கேமராவுக்கு வருவோம். 850 என்று அட்டையில் போட்டிருக்கும் எல்இடி அந்த ஓர் அலைநீளத்தை மட்டும் வீசுவதில்லை. உச்சம் 850-இல் இருக்கும். இரு பக்கமும் சில பத்து நானோமீட்டர்களுக்குச் சரிந்து பரவும். குறைந்த அலைநீளப் பக்கம் போகப்போகக் கண்ணின் உணர்திறன் வேகமாக ஏறுகிறது. மேலே சொன்ன அட்டவணைப்படி 830-இலிருந்து 780-க்கு வருவதற்குள் 33 மடங்கு. ஆகவே எல்இடியின் வாலில் உள்ள கொஞ்சூண்டு ஒளியே நமக்கு அந்தச் சிவப்பாகத் தெரிகிறது. 940-இன் வால் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. அது வீசும் ஒளி கண்ணின் சரிவில் அடிவாரத்தில் கிடக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 850-இன் சிவப்பு விளக்காக எரிவதுதான் தெரியுமே தவிர, அது விழும் தரை நமக்குத் தெரிவதில்லை. அந்த வெளிச்சத்தில் செருப்பைத் தேட முடியாது. 'நான் இங்கே இருக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் அது சொல்கிறது.

இந்த எல்இடி பிறந்ததே ஒரு தற்செயல். 1961-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும் காலியம் ஆர்சினைடு டயோடுகளை வேறு வேலைக்காகச் செய்துகொண்டிருந்தபோது, மின்சாரம் பாய்ந்தால் அவை அகச்சிவப்பை வீசுவதைக் கண்டார்கள். மறு ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. நிக் ஹோலோன்யாக்கின் சிவப்பு எல்இடியும் அதே 1962-இல்தான் வந்தது. அதற்கு முன்பும், பின்னர் பல ஆண்டுகளும், இரவுக் காவலுக்கு அகச்சிவப்பு வேண்டுமானால் பெரிய குண்டு விளக்கின் முன் கறுத்த கண்ணாடியைப் பொருத்த வேண்டியிருந்தது. மங்கிய சிவப்பு அதிலும் கசிந்தது. பழைய தொல்லைதான்.

940-க்கு மாறும்போது எதை இழக்கிறோம் என்பதுதான் கடையில் யாரும் நின்று விளக்காத பகுதி. விளக்கின் மேல் பழி போட முடியாது. 940 எல்இடிகளும் நன்றாகவே எரிகின்றன. இழப்பு கேமராவின் சென்சாரில் நடக்கிறது. சென்சார் சிலிக்கானால் ஆனது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கக் குறைந்தது 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 850-இன் ஒளித்துகளில் 1.46 இருக்கிறது, 940-இல் 1.32. இரண்டுமே போதும். ஆனால் ஆற்றல் குறையக் குறைய, சிலிக்கான் அந்த ஒளியைப் பிடிக்க அதிக ஆழம் வேண்டும். 550 நானோமீட்டர் பச்சை ஒளி ஒன்றரை மைக்ரோமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். 850-க்கு அதே அளவு பிடிபடச் சுமார் 19 மைக்ரோமீட்டர் வேண்டும். 940-க்குச் சுமார் 55. சாதாரண கேமரா சென்சாரில் ஒளியைப் பிடிக்கும் அடுக்கின் தடிமனோ சில மைக்ரோமீட்டர்கள்தான். சல்லடையில் தண்ணீர் ஊற்றுவதுபோல, 940-இன் பெரும்பகுதி பிடிபடாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. அடுக்கைத் தடிமனாக்கியும், ஒளி உள்ளே வளைந்து திரியும்படி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியும் இதைச் சரிசெய்ய நிறுவனங்கள் முயல்கின்றன. ஆம்னிவிஷன் 2017-இல் 'நிக்ஸல்' என்ற பெயரில் கொண்டுவந்தது அத்தகைய ஒன்று. அந்த வகையிலும் 850-தான் முன்னால் நிற்கிறது.

ஒரே விளக்கு பலத்தில், சென்சார் 940-ஐ 850-இன் பாதி அளவுக்கே உணர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டித்தால் விளக்கின் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பது விதி. ஆகவே 30 மீட்டர் வரை தெளிவாகக் காட்டிய கேமரா இப்போது 21 மீட்டரில் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்குதான் உணர்கிறது என்றால் 17 மீட்டர். கேட்டிலிருந்து தெருமுனை வரை என்று நினைத்தது கேட்டோடு முடிந்துவிடுகிறது.

கேமரா இந்தக் குறையை வெளியே காட்டிக்கொள்ளாது என்பது அடுத்த சிக்கல். ஒளி போதாதபோது அது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துப் படத்தை வெளிச்சமாக்கிக்கொள்ளும். ஆளில்லாத வாசலை அப்படிப் பார்த்தால் படம் பிரமாதமாக இருக்கும். மாட்டிக் காட்டும்போது எல்லோரும் பார்ப்பது ஆளில்லாத வாசலைத்தான். நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். ஒரு முகத்தின் அகலத்தைவிட அது அதிகம். எங்கள் தெருவில் வண்டிகளில் பெட்ரோல் திருட்டுப்போன வாரத்தில் ஐந்தாம் வீட்டுக்காரர் தன் கேமராவின் ஃபுட்டேஜை என்னிடம் போட்டுக் காட்டினார். குழாயும் கேனுமாக ஒருவர் வருகிறார், குனிகிறார், நாய் குரைத்ததும் ஓடுகிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்ததுபோல் ஒரு வெள்ளைத் தீற்றல் இருந்தது.

அந்த ஃபுட்டேஜில் அவர் வெள்ளை பேண்ட் போட்டிருந்தார். அதை நம்பியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். இது 850-க்கும் 940-க்கும் பொதுவான விஷயம், ஆனால் ஃபுட்டேஜ் பார்க்கும் பலருக்குத் தெரியாதது. பொழுது சாயும்போது வாசல் கேமராவிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பகலெல்லாம் அகச்சிவப்பைத் தடுத்துக்கொண்டிருந்த சிறு கண்ணாடி வடிகட்டி சென்சாரின் முன்னிருந்து விலகும் சத்தம் அது. பகலில் நிறத்தைப் பிரித்துத் தருவது ஒவ்வொரு புள்ளியின் மேலும் பூசியிருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சாயங்கள். 850-ஐ நெருங்கும்போது அந்த மூன்று சாயங்களுமே ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடுகின்றன. எல்லாப் புள்ளியும் ஒன்றையே பார்ப்பதால் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், படம் கறுப்பு வெள்ளையாகிறது.

அந்தக் கறுப்பும் வெள்ளையும்கூட நம் கண் அறிந்தவை அல்ல. என் அலமாரியிலிருந்து மூன்று கறுப்புத் துணிகளை எடுத்துப்போய் இரவில் கேமராவின் முன் விரித்துப் பார்த்தேன். ஒரு பேண்ட் வெளுத்த சாம்பலாகத் தெரிந்தது. ஒரு சட்டை ஏறக்குறைய வெள்ளை. பழைய குடைத்துணி மட்டும் கறுப்பாகவே இருந்தது. துணியில் ஏற்றும் பல சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்குகின்றன. அகச்சிவப்பை அவை கண்டுகொள்வதில்லை. கரித்தூள் கலந்த கறுப்பு அதையும் விழுங்கும். போலி ஆவணங்களை ஆராய்பவர்கள் இதே வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அகச்சிவப்பில் சில பேனா மைகள் மறைந்துபோக, கரி கலந்த அச்சு கறுப்பாகவே நிற்கும்.

தோலின் நிறத்துக்கும் இது பொருந்தும். நம் தோலைக் கறுப்பாகவும் மாநிறமாகவும் காட்டும் மெலனின் அகச்சிவப்பை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால் இரவு ஃபுட்டேஜில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வெளிறிய முகம். 'ஆள் சிவப்பா, கறுப்பா?' என்பது நம் ஊரில் அடையாளம் கேட்கும்போது முதலில் விழும் கேள்வி. இரவுக் கேமராவைப் பார்த்துவிட்டு அதற்குப் பதில் சொல்பவர், தெரியாமலேயே பொய் சாட்சி சொல்கிறார். அதன் விளைவு யார் தலையில் விடியும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாடகைக் காரின் மஞ்சள் நம்பர் பிளேட்டும் சொந்தக் காரின் வெள்ளை நம்பர் பிளேட்டும் அந்தப் படத்தில் ஒன்றுதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் உயர்பாதுகாப்பு பிளேட்டுகள் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பக்கூடியவை. கேமராவை ஒட்டியே விளக்கு இருப்பதால் அவை வெறும் வெள்ளைக் கட்டையாகப் பளபளத்து, எழுத்தை விழுங்கிவிடும். நெடுஞ்சாலைகளில் நம்பர் படிக்கும் கேமராக்கள் இதற்காகவே ஷட்டரை மிக வேகமாக வைக்கின்றன. அதில் பிளேட் தெளிவாக விழும், வண்டியும் ஆளும் இருட்டில் போய்விடும். வேப்பமரக் கிளை ஒன்று கேமராவின் முன் வந்தாலும் கெட்டது. பச்சை இலை அகச்சிவப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் திருப்பி வீசுகிறது. 1910-இல் ராபர்ட் வுட் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மரங்கள் பனி மூடியதுபோல் நின்றதும் இதனால்தான். அந்த வெண்மையைச் சமாளிக்கக் கேமரா படத்தை மங்கலாக்கும், பின்னால் நிற்கும் ஆள் நிழலாகிவிடுவார்.

சிலந்தியைச் சொல்லாமல் விட்டால் மாட்டும் வேலை செய்கிற பையன்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். லென்ஸிலிருந்து 5 சென்டிமீட்டரில் தொங்கும் ஒற்றை இழை, 10 மீட்டரில் நிற்கும் ஆளைவிட 200 மடங்கு பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் 40,000 மடங்கு வெளிச்சம் விழுகிறது. அதனால்தான் ஓர் இழை காற்றில் ஆடினால் திரை முழுதும் வெள்ளைத் துணி அசைவதுபோல் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒட்டடைக்குச்சி எடுத்தால் கிடைக்கும் தெளிவு, ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றும் கேமராவிலும் கிடைக்காது. பல்லிக்கு என்னிடம் மருந்தில்லை.

கண்ணுக்குக் கெடுதலா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்குகளின் பாதுகாப்புக்கென்று 62471 என்ற எண்ணில் ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன் வரம்புக்குள் இருக்கும் வீட்டுக் கேமராவைக் கடந்துபோவதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தெரியாத ஒளிக்குக் கண்மணி சுருங்காது, இமை மூடாது. ஏணியில் ஏறித் துடைக்கும்போது எரியும் விளக்கை முகத்தருகே வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம்.

சிவப்பு தெரிந்தால் திருடன் உஷாராகிவிடுவான் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வீட்டுக்காரர் சொன்னது அதுதான், கேட்கும்போது நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் உஷாராகி அவன் திரும்பிப் போனால் நமக்கு என்ன நஷ்டம்? கேமராக்கள் குற்றத்தைக் குறைக்கின்றனவா என்று 40 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி எரிக் பைசாவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். சராசரியாகச் சுமார் 13 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. கார் நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். வன்முறைக் குற்றங்களில் சொல்லும்படியான மாற்றமில்லை. கிடைக்கும் அந்தப் பலனும் 'இங்கே கேமரா இருக்கிறது' என்ற எண்ணம் ஒருவர் மனதில் விழுவதால்தான் வர முடியும். திட்டமிட்டு வருபவனிடம் கேமராவை மறைத்துவிடலாம் என்பதும் வீண் நம்பிக்கை. பகலிலேயே நோட்டம் பார்த்திருப்பான். அவன் பையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. 1945-இல் ஒகினாவாவில் அமெரிக்கச் சிப்பாய்கள் துப்பாக்கியில் அகச்சிவப்பு விளக்கும் அதற்கான கண்ணாடியும் பொருத்திக்கொண்டு இரவில் காவல் இருந்தார்கள். எதிரியின் கையிலும் அதே கண்ணாடி வந்துவிட்டால் அந்த விளக்கே தங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது அந்த முறையின் பெரிய பலவீனமாக இருந்தது. இன்று அந்தக் கண்ணாடி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

940-ஐ வேண்டாம் என்று ஒதுக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காட்டில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. 2018-19 புலிகள் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் கேமராக்களை வைத்தார்கள். மூன்று கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் விழுந்தன. அவற்றில் 76,651 புலிப் படங்கள். அப்படிக் கேமரா வைக்கும்போது விலங்கு மிரண்டுவிட்டால் கணக்கே கோணிவிடும். ஒருமுறை மிரண்டது மறுமுறை அந்தப் பாதையில் வராமல் போகலாம். ஆஸ்திரேலியாவில் பால் மீக் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கேமராக்கள் எழுப்பும் நுண்ணொலியும் வீசும் அகச்சிவப்பும் பல விலங்குகளின் காதுக்கும் கண்ணுக்கும் எட்டக்கூடியவையே என்று காட்டினார்கள். 940 தொந்தரவைக் குறைக்கிறது. ஆனாலும் புலியின் வரிகளைத் துல்லியமாகப் படிக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஃபிளாஷை விரும்பும் ஆய்வாளர்கள் உண்டு.

தொட்டில் பக்கத்தில் வைக்கும் கேமராவுக்கும் 940 பொருத்தமானது. இருட்டறையில் சிவப்பு வளையம் எரிவதைக் குழந்தை வெறித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கடலோரத்தில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். பொரித்து வரும் குஞ்சுகள் கடலின் ஒளியை விட்டுத் தெருவின் ஒளியை நோக்கி நகர்ந்து சாகின்றன. அங்கே காவல் வேண்டுமென்றால் வெள்ளை விளக்கைவிட அகச்சிவப்பே சரி.

மதுக்கரையில் நடப்பது வேறு வகை. கோவைக்கு அருகே அந்தத் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டுச் சாவது பல ஆண்டுத் துயரம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. 2024-இல் வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் வைத்தது. வெப்பக் கேமரா எந்த விளக்கையும் வீசுவதில்லை. யானையின் உடலே வீசும் வெப்பத்தை, 10,000 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், அது வாங்கிக்கொள்கிறது. யானை எது, பாறை எது என்று அதற்குத் தெரியும். முகம் தெரியாது. காவலுக்கு எப்போதும் முகம் தேவைப்படுவதில்லை என்பதை அந்தத் தண்டவாளத்தில் பார்க்கலாம்.

மனிதர் நடமாடும் இடத்தில் மறைத்துப் பார்ப்பது வேறு கணக்கு. உடை மாற்றும் அறையிலும் விடுதி அறையிலும் ஒளித்து வைத்த கேமராக்களைப் பற்றிய செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது. அதற்குக் கீழ்ப்படியில், தெருவைப் பார்த்து மாட்டிய வீட்டுக் கேமராவைப் பற்றி நம் சட்டம் அதிகம் பேசுவதில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு அமைப்புகள் ஒருவரை அவர் அறியாமல் கண்காணிப்பதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும் என்கிறது. தெரிந்து பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் அங்கே இரண்டு வேறு செயல்கள். நம்மிடம் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. விழும்வரை அந்தச் சிவப்பு வளையம்தான், அரைகுறையாகவேனும், நமக்குக் கிடைக்கிற அறிவிப்புப் பலகை.

கேமரா யார் கையில் இருக்கிறது என்பதும் இதோடு வருகிறது. காவல் நிலையங்களில் வைக்கும் கேமராக்களில் இரவுப் பார்வையும் ஒலிப்பதிவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதையையும் அதைத் தொடர்ந்த மரணங்களையும் நாம் மறக்கவில்லை. அங்கே கேமராக்கள் இருந்தன. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பதிவு செய்தார்.

பெட்ரோல் திருட்டுக்காக ஐந்தாம் வீட்டில் அன்று மணிக்கணக்காக ஃபுட்டேஜை ஓட்டினோம். திருடனைத் தேடிப் போனவன், வேறொன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கக் கம்பத்து விளக்கு எரியாமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரவு பதினொன்றே காலுக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு பெண் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து வருகிறார். கேட்டை நெருங்கியதும் திரையில் அவரைச் சுற்றித் தரை பட்டப்பகல்போல் வெளுத்துக் கிடக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பு, அதன் பக்கத்தில் குவித்த கல், எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. அந்த வெளிச்சத்தின் நடுவே அவர் செல்போன் டார்ச்சைக் கால்மாட்டில் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்கு முன்னால் நின்று, ஒரு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்க்கிறார். அவர் மேல் கொட்டிக்கிடந்த வெளிச்சத்தில் ஒரு துளிகூட அவருக்கு உதவவில்லை. பார்க்கும் எங்களுக்கு மட்டும்தான் அது வெளிச்சம்.

நியூயார்க் நகரத்தின் அரசுக் குடியிருப்புகளில் 2016-இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களில் பிரகாசமான விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஆரன் சால்ஃபினும் உடன் ஆய்வாளர்களும் அதன் முடிவை வெளியிட்டார்கள். இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்திருந்தன. அந்த நகரத்துக் கணக்கை அப்படியே நம் தெருவுக்கு எழுதிவிட முடியாது. ஆனாலும் கேமராவுக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சம் கம்பத்து விளக்கின் மேலும் விழ வேண்டும் என்று கேட்க எனக்கு அது போதும். ஆள் வந்தால் மட்டும் வெள்ளை விளக்கைப் போட்டு வண்ணத்தில் பதிவு செய்யும் 'டூயல் லைட்' கேமராக்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. மழை விட்ட மாலையில் ஈசல் மொய்க்கும், எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் அடிக்காமல் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் நடந்து போகிறவரும் பார்க்க முடியும்.

நானும் ஐந்தாம் வீட்டுக்காரரும் கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது முறை போனபின் ஆள் வந்து விளக்கை மாற்றினார். அன்று இரவு ஐந்தாம் வீட்டுக் கேமராவில் அந்த 'டிக்' கேட்கவே இல்லை. பதினொன்றே காலுக்குத் தெருமுனையில் வந்து நின்ற ஆட்டோ மஞ்சளாகவே பதிவாகியிருந்தது. அந்தப் பெண் டார்ச்சை எடுக்காமல் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனார்.